அலறலுக்கு ஆள் கேட்டார்கள்

வெளிநாடு போய் வந்தவர்கள்தான் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போகவில்லை. என் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை. வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்களோடு ஒரு மீன் டெம்போவில் நான்கு நாள் சுற்றினேன். பயணம் அவர்களுடையது, கட்டுரை மட்டும் என்னுடையது. அதிலேயே எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தவர்கள் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்காரர்கள். அவர்கள் இசைக்குழுவின் பெயர் சூராட் லம்பாட். மலாயில் 'தாமதமான கடிதம்' என்று பொருள். அவர்கள் வாசிப்பது ஸ்க்ரீமோ. கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிதார் முதலில் மழைக்கு முந்திய காற்றுபோலப் பையத்தான் வரும். பிறகு எல்லாம் சேர்ந்து இடிந்து விழும். பாடகர் பாடமாட்டார், அலறுவார். அது கோபம் அல்ல. சாவுச் செய்தி கேட்டுப் பஸ் பிடித்து ஓடிவந்த பெண், வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் எழுப்புகிற முதல் சத்தம் இருக்கிறதே, அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். பாட்டு இரண்டு நிமிடம்தான். எந்த வானொலியிலும் வராது. கொஞ்சமாக இசைத்தட்டு போட்டு, உறையைத் தாங்களே அச்சிட்டு ஒட்டி, பெட்டியில் சுமந்து ஊர் ஊராகப் போவார்கள். ஓட்டல் கிடையாது. அந்தந்த ஊரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவன் எவனோ அவன் வீட்டுத் தரைதான் படுக்கை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கிறுக்கு அப்போது நான் ஒருவன்தான் என்று நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆளும் நான்தான். சிற்பிகளின் ஊரான மயிலாடியில் அப்பா சிற்பி அல்ல. சிற்பிகளுக்கு லாரியிலிருந்து கல் இறக்குகிறவர். நான் இயற்பியல் பட்டம் வாங்கி, கோட்டாறில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். பிரவுசிங் சென்டரில் தொடங்கிய பழக்கத்தில், ஏழெட்டு வருஷமாக இந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடித் தேடி இறக்கினேன். சூராட் லம்பாட்டின் எல்லா வரிகளும் எனக்கு மனப்பாடம். அகராதி பார்த்து அர்த்தமும் தெரிந்துவைத்திருந்தேன். அறையைச் சாத்திக்கொண்டு தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அலறிப் பழகியிருந்தேன். எனக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

2011 தொடக்கத்தில் அவர்கள் இந்தியா வருவதாக அறிந்து மின்னஞ்சல் அனுப்பினேன். "திருவனந்தபுரத்துக்கு முன்னால் மூன்று நாள் காலியாக இருக்கிறது, உன் ஊரில் தரை இருக்கிறதா?" என்று பதில் வந்தது.

முதல் நாள், புதன்கிழமை. நாகர்கோவில் ரயில் நிலையத்தில் அட்டையில் பேர் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. கறுப்புப் பனியனும் டிரம் பெட்டிகளுமாக இறங்கியவர்கள் அந்த நால்வர்தான். என் பக்கத்தில் பென்னி நின்றான்.

"இதுக்கா ஒரு மாசமா உறக்கமில்லாம கெடந்த? எல்லாம் எலும்பும் தோலுமால்லா இருக்கானுவ."

"சும்மா இருலே. பெரிய ஆளுவ."

"பெரிய ஆளுவளுக்கு எனக்க அத்தானுக்க மீன் வண்டிதான் கிட்டுச்சா?"

பென்னி கடற்கரைக்காரன். ஏழாம் வகுப்போடு நின்றவன். காலையில் தன் ஊர்க் கடற்கரையில் மீன் ஏலம் விடுவான். பிறகு அக்காள் புருஷனுடைய டெம்போவை ஓட்டுவான். குடும்ப அட்டை நகலெடுக்க என் கடைக்கு வந்து, அப்படியே கூட்டாளியாகிவிட்டவன். நான் கேட்டதற்காக ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு, டெம்போவை மூன்று தடவை பினாயில் ஊற்றிக் கழுவி, பாய் விரித்துக் கொண்டுவந்திருந்தான். மீன் வாடை போகவில்லை. பினாயில் வாடையும் கூடச் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

கிதார் வாசிக்கும் அஸ்லான் ஏறி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான். "எங்கள் மாமாவின் வண்டி மாதிரியே இருக்கிறது" என்றான். அன்றைக்கு முழுக்க அதே கதைதான். கோட்டாறில் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். அவர்கள் ஊரிலும் உண்டாம். பரோட்டாவைத் தட்டிப் போடுவதைக் காட்டினேன்; அங்கே அதற்கு ரொட்டி சானாய் என்று பேராம். சாயாக்கடைக்காரர் கையை உயர்த்தி ஆற்றியதைக் காட்டினேன். அஸ்லான் எழுந்து போய்த் தானே வாங்கி ஆற்றிக்காட்டி, கடையில் கைதட்டு வாங்கினான். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் அவர்கள் சின்ன வயசில் தின்றவை. எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டி ஒன்றுதான் அவர்களுக்குப் புதுசு. அதற்காக நான் மட்டிப்பழத்துக்கு நன்றி சொன்னேன்.

அவர்களுக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று, நம்முடைய தலையாட்டல். "இது ஆமாவா, இல்லையா?" என்று அஸ்லான் கேட்டுக்கொண்டே இருந்தான். "ரெண்டும்தான். ஆளைப் பொறுத்து" என்றேன்.

பாடகன் ஹாபிஸ் மட்டும் வாயே திறக்கவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினான். "மன்னித்துக்கொள் ஜெபின். சென்னையில் குரல் போய்விட்டது. ஒரு வாரம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

அந்தக் குரல் என் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அதனால் வருத்தப்பட்டேன் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் வருத்தத்துக்கு முன்னால் இன்னொன்று வந்தது. அப்படியானால் யார் அலறுவார்கள்? எல்லா வரியும் தெரிந்தவன் இங்கே வேறு யார்?

மயிலாடியில் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் போட்டோம். அம்மா ஹாபிஸுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்பா நால்வரையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவியளுக்கு என்ன தொழிலு?"

"அலறுவாவ, அப்பா."

"சம்பளம் உண்டா?"

"இல்ல."

"கல்லு எறக்கும்போ நாங்களும்தான் அலறுவோம். அது கால்ல விழாம இருக்க. இவியளுக்க கால்ல என்ன விழப்போவுது?"

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹாபிஸ் சத்தமில்லாமல் சிரித்து, அப்பா சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டான். என் அப்பா சொன்னதும் இவர்கள் பாட்டாகிவிடும்போல என்று நினைத்தேன்.

அஸ்லான் தன் பாஸ்போர்ட்டைக் காட்டினான். இந்தோனேசியா, ஜப்பான், ஜெர்மனி, போலந்து. ஒரு பக்கத்தில் முத்திரைக்கு மேல் முத்திரை விழுந்து எதுவும் படிக்கமுடியவில்லை. நானும் என்னுடையதை எடுத்துவந்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தான். "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாய்" என்று மனசாரப் பாராட்டினான்.

இரண்டாம் நாள் விடிந்ததும் பென்னியின் கடற்கரைக்குப் போனோம். சுசீந்திரம் வழியாகப் போகையில் வயல்களைப் பார்த்து மற்ற மூவரும் படம் எடுத்தார்கள். ஹாபிஸ் ஜன்னலில் சாய்ந்து கிடந்தான். கடற்கரையில் வள்ளங்கள் வந்து சேர்ந்திருந்தன. சாளையும் நெத்திலியும் மணலில் குவிந்து கிடந்தன. பெண்கள் கூடைகளோடு வட்டம் கட்டி நின்றார்கள். நடுவில் பென்னி, வேட்டியை மடித்துக் கட்டி, ஏலத்தை ஆரம்பித்தான்.

நான் எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறேன். பென்னி கத்துகிறான் என்று மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. அன்று ஹாபிஸின் முகத்தைப் பார்த்தபிறகுதான் கேட்டேன். விலையைச் சொல்லும்போது அந்தக் குரல் சாதாரணமாக இருக்கும். யாரும் ஏற்றிக் கேட்காமல் தயங்கும் இடத்தில் அது கிழியும். அலைச்சத்தத்தையும் இன்ஜின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கரை நெடுக ஓடும். உடனே அடுத்த மூச்சில் ஒரு கிழவியிடம் கொஞ்சிப் பேசும். "ஏட்டி மேரி, நீ கேக்க வெலைக்கு மீனுக்க படந்தான் தருவேன்!"

ஏலம் முடிந்ததும் ஹாபிஸ் நோட்டை நீட்டினான். நான் அதைப் பென்னியிடம் கேட்டேன்: "எத்தன வருசமா இப்பிடிக் கூவுறன்னு கேக்கான்."

"பதினேழு வயசுலேருந்து. தெனமும். ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவமாட்டோம், அன்னைக்கு மட்டும் லீவு."

"தொண்ட கட்டாதான்னு கேக்கான்."

"தொண்டையில வச்சு எவனாவது கூவுவானா? மண்டையுள்ள எவனும் அடிவயித்துலேருந்துல்லா கூவுவான்!"

ஹாபிஸ் பென்னியின் வயிற்றில் கையை வைத்தான். கூச்சத்தில் பென்னி நெளிந்தான். இன்னொரு தடவை கூவச்சொன்னார்கள், கூவினான். ஹாபிஸ் கையை எடுக்கவில்லை. மற்ற மூவரும் கோயிலில் தீபாராதனை பார்ப்பவர்கள்மாதிரி நின்றார்கள். பத்துப் பாட்டுக் கச்சேரிகளில் தன் தொண்டையைத் தொலைத்தவன், பத்து வருஷமாகத் தொலைக்காத ஒருவனைத் தொட்டுப் பார்க்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. அவன் நோட்டில் எழுதியதைப் படித்தேன்: "எனக்குப் பொறாமையாக இருக்கிறது." அதை நான் பென்னிக்கு மொழிபெயர்க்கவில்லை. என் பொறாமையே எனக்குப் போதுமான வேலை கொடுத்துக்கொண்டிருந்தது.

திரும்புகிற வழியில் அஸ்லானிடம் மெதுவாகச் சொன்னேன். எனக்கு உங்கள் பாட்டு எல்லாம் தெரியும், நாளைக்கு வேண்டுமானால் நான் முயன்று பார்க்கிறேன். அவன் மகிழ்ச்சியோடு என் தோளைத் தட்டினான். "கண்டிப்பாக. நீ இருக்கிறபோது எங்களுக்கு என்ன கவலை!" அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டையே மறந்தேன்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. எங்கள் ஜெராக்ஸ் கடை மொட்டைமாடியில் மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. கோயில் கொடைக்கும் சர்ச் கன்வென்ஷனுக்கும் மைக்செட் கட்டுகிற அண்ணன் ஒருவரைப் பிடித்திருந்தேன். அவர் வந்ததும் முதல் வேலையாக எக்கோவைத் திருகினார். எக்கோ வேண்டாம் என்று அஸ்லான் சைகை காட்டினான். "எக்கோ இல்லாம எப்பிடித் தம்பி பாட்டு?" என்று அண்ணன் என்னிடம் கோபித்துக்கொண்டார். கல்லூரிப் பையன்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், வேடிக்கைக்கு ஏறிவந்தவர்கள் என்று முப்பது பேர் இருப்பார்கள்.

நான் அலறினேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, மூன்றாவது. ஒரு வரிகூடப் பிசகவில்லை. ஒவ்வொரு வரியும் நான்கு தடவை எக்கோவில் திரும்பி வந்தது. ஜனங்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். ஹாபிஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். உலகத்தில் எங்கேயோ ஒரு முத்திரை என் பாஸ்போர்ட்டில் விழுந்ததுபோல இருந்தது.

நான்காவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.

அப்போது தமிழ்நாட்டில் தினமும் மின்வெட்டு. எந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்பது மாதம் பிறந்ததும் மாறும். மாதம் பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நான் போன மாதத்து நேரத்தை நம்பிக் கச்சேரி வைத்துவிட்டேன். பட்டம் வாங்கியவன் செய்கிற காரியம். கிதார்கள் செத்தன, மைக் செத்தது. டிரம் வாசிப்பவன் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான். நானும் அலறிப் பார்த்தேன். மைக் இல்லாத என் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பென்னிக்கு என்ன தோன்றியதோ. டிரம் சத்தம் அநாதையாக இருப்பது பொறுக்கவில்லை என்று பிறகு சொன்னான். முன்னால் வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வார்த்தை எதுவும் இல்லாமல் கூவினான்.

கோட்டாறு கடைத்தெரு நின்றது. மிகையாகச் சொல்லவில்லை. கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிர்க்கடை மாடியில் ஜன்னல் திறந்தது. டிரம் வேகம் பிடித்தது. பென்னி ஏலத்தில் தயங்கும் கூட்டத்தைக் குத்திக் கிளப்புவதுபோல ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூவல் போட்டான். அஸ்லான் செத்த கிதாரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையைக் காலால் உதைத்துத் தாளம் போட்டான். முப்பது பேரும் உதைத்தார்கள். மைக்செட் அண்ணன் மட்டும், "இவனுக்கு எக்கோ வேண்டாம்" என்றார்.

கச்சேரி முடிந்து சாயாக்கடையில் உட்கார்ந்தோம். ஹாபிஸ் நோட்டில் வேகமாக எழுதி என் முன்னால் வைத்தான்.

"அவனிடம் கேள். நாளை திருவனந்தபுரம், மறுநாள் கொச்சி, எங்களோடு வருவானா? கொச்சியில் ஒரு பாட்டைப் பதிவு செய்கிறோம். அதில் அவன் குரல் வேண்டும்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை. கேள்வி என்னிடம், ஆனால் ஆள் நான் இல்லை. பென்னி ரசவடையைத் தின்றுகொண்டு, "என்னவாம்?" என்றான்.

"வண்டி நல்லா ஓட்டுறியாம். நாளைக்குத் திருவனந்தபுரம் கொண்டு விடுவியான்னு கேக்கான்."

"அதுக்கென்ன, விட்டுருலாம்" என்று பென்னி ஹாபிஸைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். நம்முடைய தலையாட்டல்.

"முடியாதாம்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "கடற்கரையில் வேலை இருக்கிறதாம். உங்களைக் கொண்டுவிட்டுத் திரும்பிவிடுவானாம்."

ஹாபிஸ் பென்னியின் முகத்தைப் பார்த்தான், அந்த ஆடும் தலையைப் பார்த்தான், நோட்டை மூடினான். கொஞ்சநேரம் கழித்து அஸ்லான் என்னிடம், "அப்படியானால் நீயே வா" என்றான். நான் உடனே சம்மதித்தேன். அந்த 'அப்படியானால்' எனக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனாலும் சம்மதித்தேன்.

நான்காம் நாள். சனிக்கிழமை ஏலத்தை முடித்துவிட்டுப் பென்னி டெம்போவைக் கொண்டுவந்தான். ஏறியதும் என் மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டான். உள்ளே பனங்கற்கண்டும் நல்லமிளகும்.

"எனக்க அம்ம தந்தா. வாயில போட்டு அடக்கிக்கோ. ஒனக்க தொண்டைக்கு."

"அவியளுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரு முச்சூடும் சொல்லியாச்சு. ஜெபினு வெளிநாட்டுக்காரன்கூடப் பாடப் போறான்னு. சர்ச்சுல சாமியாருகிட்டகூடச் சொல்லிட்டேன், கேட்டியா!"

ஒரு கற்கண்டை வாயில் போட்டேன். அது கரைய மறுத்தது.

தக்கலை தாண்டி, மார்த்தாண்டத்துக்குள் நுழைவதற்கு முன்னால் பின் டயர் பஞ்சர். ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாக வண்டியை ஒதுக்கினான். பென்னி ஸ்டெப்னியை உருட்டிவந்தான். மற்றவர்கள் இறங்கி நின்று ரப்பர் மரங்களைப் பார்த்தார்கள். அவர்கள் ஊரிலும் உண்டாம். ஹாபிஸ் தன் பெட்டியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து, உறையில் ஏதோ எழுதி, டயர் மாற்றிக்கொண்டிருந்த பென்னியிடம் இரண்டு கையாலும் கொடுத்தான். பென்னி விரலில் கிரீஸ் படாமல் மணிக்கட்டுகளால் அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"என்ன எழுதியிருக்கான்?"

நான் எதையும் சொல்லியிருக்கலாம். அவனால் ஆங்கிலம் படிக்க முடியாது. முந்தின நாள் பொய் சாயாவோடு எளிதாக இறங்கிவிட்டது. இன்றைக்கு வாயில் அவன் அம்மாவின் கற்கண்டு கிடந்தது.

"'வர மாட்டேன்னு சொன்ன நண்பனுக்கு'ன்னு எழுதியிருக்கான்."

"எவன் சொன்னான்? எங்க வர?"

"இவனுவகூட. திருவனந்தபுரம், கொச்சி எல்லாம். ஒன்னத்தான் கூவ விளிச்சான் நேத்து. தட்டுலயும் ஒனக்க குரல் வேணும்னான். நான்தான் நீ வர மாட்டேன்னு சொன்னதாச் சொன்னேன்."

பென்னி தட்டை மெதுவாகப் பாயின் மேல் வைத்தான். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.

"எதுக்குலே?"

"பொறாம."

"எனக்க மேலயா?" சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீ காலேஜு படிச்சவன். எனக்க அம்ம தெனமும் ஒன்னக் காட்டித்தான் என்ன ஏசுவா. அந்த மயிலாடிப் பயலப் பாருலேன்னு. எனக்கு ஒனக்க மேல வரணும் பொறாம."

"வந்திருக்கா?"

"வந்திருக்கு. அதுக்காக ஒனக்க சோத்துல நான் மண்ண வாரிப் போடலியே."

ஸ்பேனரைக் கீழே போட்டான். கிரீஸ் கையால் என் பிடரியில் ஒன்று வைத்தான். விளையாட்டு அடி அல்ல. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு நேராக அஸ்லானிடம் போனான்.

"ப்ரோ. மீ கம். ஷவுட். டுடே, டுமாரோ. டுமாரோ சண்டே, நோ ஃபிஷ்."

அதற்கு என் தயவு தேவைப்படவில்லை. அஸ்லான் என்னைப் பார்த்தான். நான் ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல், பொய் சொன்னதைச் சொன்னேன். ஹாபிஸ் நோட்டை எடுத்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "போகிற வழியில் அவனுக்கு வரிகளைச் சொல்லிக்கொடு" என்று எழுதியிருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை நான் சொல்லச் சொல்ல அவன் கூவினான். சூராட் இனி லம்பாட், இபு. இந்தக் கடிதம் தாமதம், அம்மா.

"இபுன்னா அம்மயா? கொள்ளாம். அடுத்தது சொல்லு."

என்னிடம் முகம் கொடுக்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். எதிரே வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் தன்னைத்தான் ஏசுகிறான் என்று நினைத்து அவரும் ஏதோ கத்தினார். எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியைத் திறக்கச் சொல்லி, மீன் வாடைக்குள் டிரம்மைப் பார்த்துவிட்டு, "எந்த அம்பலத்தில உத்சவம்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய அரங்கு. மேடை கிடையாது, தரையில்தான். நூறு பேருக்கு மேல் நெருக்கி நின்றார்கள். ஆரம்பிக்கப் போகையில் பென்னி என்னிடம் வந்தான். பிடரி அடிக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஓர்மையில்ல மக்கா. எல்லாம் போச்சு."

என் பையில் கடைத்தாள்கள் இருந்தன, பெரிய தாள்கள். மார்க்கரால் ஒவ்வொரு பாட்டையும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினேன். அவன் முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பாட்டு முடிய முடியத் தாளை மாற்றினேன். பின்னாலிருந்து உந்தியவர்களின் முழங்கால்கள் என் முதுகில் இடித்தன. கை கடுத்தது. என் தலைக்கு மேலே, நான் இத்தனை வருஷம் தலையணைக்குள் புதைத்த வரிகளை, அர்த்தம் முழுதாகத் தெரியாத ஒருவன் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகக் கூவிக்கொண்டிருந்தான். கடைசிப் பாட்டில் அவன் தாளைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நான் கையை இறக்கவில்லை. இறக்கினால் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடும்.

முடிந்ததும் அவர்கள் ஐந்து பேராகக் கொச்சி ரயில் ஏறினார்கள். மீன் டெம்போ நின்றது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பென்னியின் அத்தான் பஸ் பிடித்து வந்துசேரும்வரை நான் டெம்போவுக்குக் காவல் இருந்தேன். திரும்புகிற வழியெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"அவன் என்னத்துக்குப் போயிருக்கான்?"

"கூவ."

"அத இங்கயே கூவுலாமே? நீ படிச்சவன், ஒனக்கு மனசிலாவுதா?"

மனசிலாவுது என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஈப்போவிலிருந்து கடைக்கு ஒரு பார்சல் வந்தது. ஏழு அங்குல இசைத்தட்டு. எங்கள் யாரிடமும் அதைப் போட்டுக் கேட்கிற கருவி கிடையாது. பென்னி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல எந்த வளையம் நான்?" என்றான். உள்ளே ஒரு தாள். வரிகள், நன்றிகள், திருவனந்தபுரத்தில் யாரோ எடுத்த ஒரு படம். பென்னி தலையைப் பின்னால் சாய்த்துக் கூவுகிறான், கழுத்து நரம்பு தெரிகிறது. படத்தின் அடியில் இரண்டு கைகள் மட்டும் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. நன்றிப் பட்டியலில் என் பெயர் இருந்தது, தரை கொடுத்ததற்காக.

பென்னிக்கு அந்தப் படம் பெரிதாக வேண்டும். டெம்போவில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட.

"ஒனக்க கையையும் சேத்து எடுக்கணும், என்ன? அறுத்துராத" என்றான்.

ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் படம் முழுதும் தாளில் அடங்காது. மேலே கொஞ்சம், அல்லது கீழே கொஞ்சம் போகும். விரலால் தாளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். பிறகு பொத்தானை அமுக்கினேன்.

கைகள் முழுதாக வந்தன, நகம்வரைக்கும். பென்னியின் தலைமுடி கொஞ்சம் அறுந்துதான் போயிற்று.